கரண்ட் எப்போது, எவ்வளவு ஓடியது?

தமிழில் 'கரண்ட்' என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. கரண்ட் போயிடுச்சு, கரண்ட் பில் கட்டணும், கரண்ட் அடிச்சிடுச்சு. முதலாவதில் அது மின்சப்ளை. இரண்டாவதில் யூனிட், அதாவது செலவான ஆற்றல். மூன்றாவதில்தான் உண்மையான கரண்ட், கம்பி வழியாக ஓடும் மின்னோட்டம், ஆம்பியரில் அளப்பது. பேச்சில் இந்தக் குழப்பத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மோட்டாரோ ஃபிரிட்ஜோ மக்கர் பண்ணும்போதுதான் எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டு மீட்டரும் கரண்ட் பில்லும் கூட்டுத்தொகையை மட்டும் சொல்கின்றன. இரண்டு மாதத்தில் 480 யூனிட் என்றால் 480 யூனிட், அவ்வளவுதான். எந்த ராத்திரியில் எந்தப் பொருள் தின்றது என்று அதில் இருக்காது. எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் டாங் டெஸ்டர் இதற்கு நேர் எதிர். வயரைக் கவ்விய அந்த நொடியில் எத்தனை ஆம்ப்ஸ் என்று காட்டும், எடுத்துவிட்டால் போச்சு. கூட்டுத்தொகைக்கும் கணநேரத்துக்கும் நடுவே இருக்கும் 'எப்போது' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் டேட்டா லாகர். ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குச் சின்னக் கருவி. உள்ளே பேட்டரி, கடிகாரம், நினைவகம். வெளியே ஒன்றோ மூன்றோ கவ்விகள். சொன்ன இடைவெளியில் கரண்டை அளந்து, நேரத்தோடு எழுதி வைத்துக்கொண்டே இருக்கும்.

இது எனக்குப் பழக்கமானது பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில்.

தோப்பில் 700 அடி போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. 620 அடியில் ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். ராத்திரி த்ரீ ஃபேஸ், அதாவது பெரிய மோட்டாருக்கு வேண்டிய மூன்று கம்பி மின்சாரம், வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானே மோட்டாரைப் போடும். விடிவதற்குள் தொட்டி நிரம்பிவிடும். ஒரு கோடையில் அது மாறியது. காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி பாதிதான் இருக்கும். மோட்டார் நடுவில் எங்கோ நின்றிருக்கிறது, ஆனால் ஏன் நின்றது என்று சொல்ல சாட்சி இல்லை. பேனலில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஆனால் மாமா எழுந்து போகும் நேரத்தில் த்ரீ ஃபேஸ் போயிருக்கும், விளக்குகளும் அணைந்திருக்கும். எலக்ட்ரீஷியன் பகலில் வந்து டாங் டெஸ்டர் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டரை ஆம்ப்ஸ், ஒரு குறையும் இல்லை. "காயில் வீக்காயிருக்குமுங்க. மோட்டார மேல எடுத்துத்தான் பாக்கோணும்" என்றார். காயில் என்று அவர் சொன்னது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியை, வைண்டிங்கை. 620 அடியிலிருந்து மோட்டாரைத் தூக்குவது என்றால் கிரேன் வண்டி, நாலு ஆள், ஒரு நாள் கூலி, அப்புறம் வைண்டிங் செலவு. தூக்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, நண்பரிடமிருந்து மூன்று வயர்களை ஒரே நேரத்தில் பதியும் ஒரு மூன்று சேனல் லாகரை இரவல் வாங்கிப் போனேன்.

துத்தநாகத் தகட்டிலிருந்து

ஓடிய கரண்டைக் காலத்தோடு சேர்த்துக் கணக்கு வைப்பது புது ஆசை ஒன்றுமில்லை. 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் தொடங்கியபோது, வாடிக்கையாளர் வீட்டில் வைத்த மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு கண்ணாடிச் சாடியில் துத்தநாக சல்ஃபேட் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் கரண்டில் ஒரு சிறு பங்கு இந்தச் சாடி வழியாக ஓடும். ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகட்டை எடுத்துப் போய்த் தராசில் நிறுப்பார். எடை எவ்வளவு மாறியதோ அவ்வளவுக்குப் பில். ஃபாரடே 1830களிலேயே கண்டுசொன்ன விதி இது: படியும் உலோகத்தின் எடை, ஓடிய மின்னூட்டத்துக்கு நேர்விகிதம். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமல் இருக்க மீட்டர் பெட்டிக்குள் ஒரு பல்பு வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விவரம்.

ஆனால் அந்தத் தகடும் கூட்டுத்தொகைதான் சொல்லும், நம் கரண்ட் பில்லைப் போல. 'எப்போது' என்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தது பேனா வரைவிகள். 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும் வட்டக் காகிதம், அதன்மேல் கரண்டுக்கு ஏற்ப உள்ளேயும் வெளியேயும் நகரும் மைப்பேனா. பழைய ஆலைகளின் கன்ட்ரோல் ரூமில் இவை சுவர்க் கடிகாரம் போல மாட்டியிருக்கும். காகிதம் தீர்ந்தாலோ மை காய்ந்தாலோ அன்றைய வரலாறு போயிற்று. இன்றைய லாகர் செய்வதும் அதே வேலைதான். மைக்குப் பதில் மெமரி, காகிதத்துக்குப் பதில் லேப்டாப் திரை.

கவ்வி என்ன பார்க்கிறது

வயரை வெட்டாமல், தொடாமல் கரண்டை அளக்க முடிவது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் வராது. கரண்ட் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். ஏ.சி. கரண்ட் என்றால் அந்தப் புலம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அலையும். இரும்பு வளையத்தில் மெல்லிய கம்பியைப் பல நூறு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் நம் வயரை விட்டால், அலையும் புலம் அந்தச் சுற்றுகளில் ஒரு சிறு கரண்டைத் தூண்டும். இதுதான் சி.டி., கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். 100 ஆம்ப்ஸை 5 ஆம்ப்ஸாகக் குறைத்துக் காட்டும் சி.டி.களைப் பேனல் போர்டுகளில் பார்த்திருப்பீர்கள். லாகரோடு வரும் கவ்வியில் அந்த வளையம் இரண்டாகப் பிளந்திருக்கும். திறந்து வயரைக் கவ்வி மூடலாம். மூடும் முகங்களில் கொஞ்சம் தூசியோ கிரீஸோ இருந்தாலும் காந்தப் பாதையில் இடைவெளி விழுந்து எண் குறைந்து வரும். மாட்டும் முன் வேட்டி நுனியாலாவது துடைத்துவிடுவது நல்லது.

இரும்பே இல்லாத வகையும் உண்டு. ரோகோவ்ஸ்கி சுருள் என்பார்கள், 1912இல் வால்டர் ரோகோவ்ஸ்கி பெயரால் வந்தது. பாம்பு போல வளையும். பஸ்பார் எனும் தடித்த உலோகப் பட்டையைச் சுற்றி மாட்டலாம். ஆயிரக்கணக்கான ஆம்ப்ஸ் வந்தாலும் திணறாது. ஆனால் சின்னக் கரண்டுகளுக்கு அது லாயக்கில்லை. இந்த இரண்டுமே டி.சி.யைப் பார்க்காது, ஏனென்றால் டி.சி.யில் புலம் அலைவதில்லை. சோலார் பேனலோ பேட்டரி வயரோ அளக்க வேண்டுமானால் ஹால் விளைவில் வேலை செய்யும் கவ்வி வேண்டும். 1879இல் எட்வின் ஹால் கண்டது அது. நகராத புலத்தையும் அது உணரும், ஆனால் அதற்குத் தனியாகப் பவர் வேண்டும் என்பதால் லாகரின் பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும்.

முதல்முறை மாட்டுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. நானும் செய்தேன். ஃபிரிட்ஜின் பவர் கார்டை அப்படியே கவ்விவிட்டு, என்ன இது பூஜ்யம் காட்டுகிறது என்று முழிப்பது. கார்டுக்குள் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே போகின்றன. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றின் புலத்தை ஒன்று அழித்துவிடும். ஒரே ஒரு வயரைத்தான் கவ்வ வேண்டும். இந்த 'பூஜ்யம்' ஒரு விதத்தில் பயனுள்ளதுதான். போனது முழுக்கத் திரும்பவில்லை, கொஞ்சம் எங்கோ பூமிக்குக் கசிகிறது என்றால் பூஜ்யம் வராது. கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு இ.எல்.சி.பி. வேலை செய்வது இதே கணக்கில்தான். காரணமில்லாமல் இ.எல்.சி.பி. விழுகிற வீட்டில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வி, மில்லி ஆம்பியர் வரை பார்க்கும் லாகரை இரண்டு நாள் விட்டால், கசிவு கீசர் ஓடும் நேரத்தில் வருகிறதா, மழை பெய்யும் நேரத்தில் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன உத்தி. 100 ஆம்ப்ஸ் கவ்வியை வைத்து 0.3 ஆம்ப்ஸ் அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. வயரைப் பத்துச் சுற்றுச் சுற்றிக் கவ்விக்குள் விட்டால் கவ்வி 3 ஆம்ப்ஸ் என்று நினைக்கும். வருவதைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

கவ்வியிலிருந்து வரும் அலை கருவிக்குள் போய் எண்ணாக மாற வேண்டும். இங்கே 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்ற சொல்லைப் பெட்டியின்மேல் பார்ப்பீர்கள். மலிவான கருவிகள் அலையின் சராசரியை எடுத்து 1.11ஆல் பெருக்கிக் காட்டும். அலை சுத்தமான சைன் வடிவில் இருந்தால் அது சரியாக வரும். எல்.ஈ.டி. விளக்கு, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்றவை கரண்டைச் சீராக இழுப்பதில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் வெடுக்கென்று பிடுங்குகின்றன. அந்த வடிவத்துக்கு 1.11 கணக்கு செல்லாது. உள்ளதைவிடக் கணிசமாகக் குறைத்துக் காட்டும். ட்ரூ ஆர்.எம்.எஸ். கருவி அலையை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, வர்க்கம் எடுத்து, சராசரி பார்த்து, வர்க்கமூலம் எடுக்கும். வயர் எவ்வளவு சூடாகிறது என்பதோடு ஒத்துப்போவது அந்த எண்தான். இன்றைய வீட்டில் லாகர் போடுவதாக இருந்தால் இதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்செலவில்லை.

இடைவெளியில் இருக்கிறது சூட்சுமம்

சரி, கருவியை வாங்கியாயிற்று, மாட்டியாயிற்று. இனி அது கேட்கும் ஒரே கேள்வி: எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எழுதட்டும்? விலையும் துல்லியமும் பார்க்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்தக் கேள்விக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நல்ல கருவியில் தப்பான இடைவெளி வைத்தால் வருவது, நல்ல கையெழுத்தில் எழுதிய பொய்.

இரவல் லாகரில் 32,000 அளவீடுகளுக்கு இடம். மூன்று ஃபேஸும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரத்துச் சொச்சம். நொடிக்கு ஒருமுறை எழுதினால் மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். 10 நொடிக்கு ஒருமுறை என்றால் ஏறத்தாழ 30 மணி நேரம். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு வாரம் தாங்கும். எனக்கு மெமரி பயம். இத்தனை தூரம் வந்துவிட்டு நடுவில் நிறைந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று, அரை மணிக்கு ஒருமுறை என வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் திரையில் வந்தது: 12.4, 11.6, 10.7, 0, 12.1, 0, 0, 11.9, 0, 9.2, 0. எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்து, "பாருங்க, எப்படி ஆட்டங்காட்டுதுன்னு. காயில்தானுங்" என்றார். அவர் மேல் தப்பில்லை. அந்த எண்களை வைத்து யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

ஊருக்கு மணிக்கு ஒரு டவுன் பஸ், சரியாக ஐந்து நிமிடம் நிற்கும் என்று வையுங்கள். மணிக்கு ஒருமுறை, அந்த நேரம் பார்த்தே, ஜன்னலைத் திறக்கிறவர் இந்த ஸ்டாப்பில் எப்போதும் பஸ் நிற்கிறது என்று சத்தியம் செய்வார். அரை மணி தள்ளித் திறக்கிறவர் இந்த ஊருக்குப் பஸ்ஸே இல்லை என்பார். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் 20 நிமிடம் ஓடி 20 நிமிடம் நிற்கிறது, நீங்கள் 40 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள் என்றால் இதே கதைதான். இதை நைக்விஸ்ட், ஷானன் என்ற இரண்டு பொறியாளர்கள் முறையே 1928இலும் 1949இலும் தந்தி, தொலைபேசிச் செய்திகளுக்காகக் கணிதமாக எழுதி வைத்தார்கள்: ஒரு மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் அது ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு தடவைக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு போதாது. பத்துத் தடவையாவது பார்த்தால்தான் வடிவம் தெரியும்.

இடைவெளிக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுது என்றால், அந்த நிமிடத்தின் எந்த எண்ணை எழுதுகிறது? சில கருவிகள் அந்தக் கணத்தில் இருப்பதை மட்டும் எழுதும். சில, அந்த நிமிடம் முழுக்க அளந்து சராசரியை எழுதும். நல்லவை சராசரி, உச்சம், தாழ்வு மூன்றையும் எழுதும். வித்தியாசம் எவ்வளவு என்று மாமாவின் மோட்டாரையே எடுத்துப் பார்க்கலாம். நேரடி ஸ்டார்ட்டரில் போடும்போது மோட்டார் கிட்டத்தட்ட 70 ஆம்ப்ஸ் இழுக்கும், ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு. அது அரை நொடிதான். கணநேரத்தை மட்டும் எழுதும் கருவிக்கு அது கண்ணிலேயே படாது. ஒரு நிமிடச் சராசரியில் பார்த்தால் பன்னிரண்டரை என்பது பதின்மூன்று ஆகும், அவ்வளவுதான். உச்சத்தைத் தனியாக எழுதும் கருவியில்தான் அந்த 70 தெரியும். ஸ்டார்ட் ஆகும்போது எம்.சி.பி. (கரண்ட் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது என்று புகார் இருந்தால் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. கேபிள் சூடாகிறது என்றால் உச்சத்தைப் பார்த்துப் பயனில்லை, சராசரிதான் வேண்டும்.

எச்.டி. (உயரழுத்த) இணைப்பு வைத்திருக்கும் ஆலைக்காரர்களுக்கு இது காசு விஷயம். அவர்களின் 'மேக்ஸிமம் டிமாண்ட்' கட்டணம், 15 அல்லது 30 நிமிடச் சராசரிகளில் மாதத்தின் உச்சம் எதுவோ அதை வைத்துப் போடப்படுகிறது. ஒரு நொடி எகிறினால் அது பில்லில் வராது. மூன்று பெரிய மோட்டார்கள் ஒரே அரை மணியில் சேர்ந்து ஓடினால் வரும். லாகரை அதே இடைவெளியில் சராசரிக்கு வைத்தால் ஈ.பி. மீட்டர் பார்ப்பதையே நாமும் பார்க்கலாம். எந்த மோட்டாரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் உச்சம் குறையும் என்று அப்போதுதான் பேச முடியும்.

கோட்டின் வடிவம்

இரண்டாம் ராத்திரி 10 நொடி இடைவெளி, உச்சமும் சேர்த்து. காலையில் வந்தது எண்களின் குவியலாக இல்லை. கோடாக வந்தது.

கோட்டின் வடிவத்தைப் படிக்கப் பழகிவிட்டால் மோட்டார் நோய்கள் பல தூரத்திலிருந்தே தெரியும். மூன்று ஃபேஸும் சேர்ந்து மெல்ல ஏறினால் வோல்டேஜ் இறங்குகிறது என்று பொருள். அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதலாக இழுக்கிறது. 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 360 வந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு ஃபேஸ் பூஜ்யத்துக்கு விழுந்து மற்ற இரண்டும் ஒன்றே முக்கால் மடங்கு எகிறினால் ஒரு ஃபேஸ் போய்விட்டது, மோட்டார் எரிவதற்குள் ஏதாவது அதை நிறுத்தியாக வேண்டும். மூன்றும் ஸ்டார்ட்டிங் கரண்ட் அளவுக்குப் போய் இறங்காமல் அங்கேயே நின்றால் தண்டு சிக்கியிருக்கிறது. வைண்டிங்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் மூன்று ஃபேஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

மாமாவின் மோட்டாரில் மூன்றும் 12.4, 12.7, 12.3 என்று கைகோத்துத்தான் போயின. ஆகவே வைண்டிங் மேல் சந்தேகம் குறைந்தது. ஆனால் மூன்றும் சேர்ந்து இறங்கிக்கொண்டே வந்தன. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பத்தரைக்கு வந்து, அப்புறம் ஒன்பதுக்கும் ஏழுக்கும் இடையே நடுங்கி, சட்டென்று பூஜ்யம். அரை மணி ஓய்வு. மறுபடி 70க்கு ஓர் உதை, மறுபடி பன்னிரண்டு, இந்தத் தடவை நாற்பது நிமிடத்தில் அதே நடுக்கம். அதற்கடுத்தது இருபத்தைந்து நிமிடம். விடிவதற்குள் ஏழு ஸ்டார்ட்.

கரண்ட் குறைகிறது என்றால் மோட்டார் செய்யும் வேலை குறைகிறது. இந்த வகைப் பம்பில் நீர்மட்டம் இறங்க இறங்க ஏற்ற வேண்டிய உயரம் கூடும், வெளியே வரும் தண்ணீர் குறையும், கரண்டும் கூடவே குறையும். கடைசியில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகும்போது கோடு நடுங்கும். தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடாதபடி தடுக்க பேனலில் இருக்கும் டிரை ரன் காப்பு அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறது. போரில் ஊறுவதைவிட வேகமாக இறைக்கிறோம், அவ்வளவுதான் விஷயம். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. பகலில் எலக்ட்ரீஷியன் வந்த நேரத்தில் போர் பத்து மணி நேரம் ஊறி நிறைந்திருந்தது. அதனால்தான் அவர் டாங் டெஸ்டரில் எல்லாம் சரியாக இருந்தது.

கோட்டைக் காட்டி விளக்கியபோது மாமாவின் முகம் தெளியவில்லை. "மோட்டார் ரிப்பேர்ன்னா காசப் போட்டுச் சரி பண்ணிப்போடலாம் மாப்பிள்ளை. தண்ணியில்லைன்னா எங்க போறது?" என்றார். அதற்கு என்னிடம் லாகர் இல்லை. செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஒரு டைமர் போட்டு, ஒன்றேகால் மணி ஓட்டம், இரண்டரை மணி ஓய்வு என்று வைத்தோம். ராத்திரிக்கு ஏழு உதை என்பது மூன்றாகக் குறைந்தது. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஒவ்வொரு ஸ்டார்ட்டும் ஒரு சூடு. உண்மையில் காயிலை வீக்காக்கியிருக்கக்கூடியது அந்த ஏழுதான்.

ஆம்ப்ஸ் சொல்லாதவை

லாகர் கோட்டை வைத்துக் கரண்ட் பில் கணக்குப் போட ஆசை வரும். ஆம்ப்ஸை 230ஆல் பெருக்கினால் வாட்ஸ், வாட்ஸை நேரத்தால் பெருக்கினால் யூனிட் என்று பள்ளியில் படித்தோம். கீசருக்கு இது சரிதான். 2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும், கோடு செங்கல் வைத்தது போலச் செவ்வகமாக நிற்கும், கணக்கு அச்சாக ஒத்துவரும். மோட்டாருக்கு ஒத்துவராது. வேலையே இல்லாமல் சும்மா சுற்றும் இண்டக்‌ஷன் மோட்டார்கூட முழுக் கரண்டில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ இழுக்கும். அதில் பெரும்பகுதி காந்தப்புலத்துக்குப் போய்த் திரும்பி வருவது. மீட்டர் யூனிட்டில் ஏறாது. பவர் ஃபேக்டர் என்று சொல்வது இதைத்தான். இப்படிப் போய்வரும் கரண்டை மோட்டார் பக்கத்திலேயே கொடுக்கும் கெப்பாசிட்டர் பேங்க் போட்டால், அதற்கு மேல் பக்கத்தில் கவ்வியிருக்கும் லாகரில் ஆம்ப்ஸ் குறையும். மோட்டார் செய்யும் வேலை அப்படியே இருக்கும். யூனிட் கணக்குதான் வேண்டுமென்றால் வோல்டேஜையும் சேர்த்துப் பதியும் பவர் லாகர் வேண்டும். அது விலையும் அதிகம், மாட்டுவதும் ஆபத்து, ஏனென்றால் மின்சாரம் இருக்கும் முனைகளில் இணைக்க வேண்டும்.

வீட்டில் இதற்கெல்லாம் அவசியம் இருக்காது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்கான விலைச் சலுகையில் ஒரு பகுதி போய்விடுகிறது என்பதால், 510, 520 என்று வரும் வீடுகளில் இருபது யூனிட்டைப் பிடிப்பதே பெரிய விஷயம். பெரும்பாலும் குற்றவாளி ஃபிரிட்ஜாக இருக்கும். ஆம்ப்ஸ் அளவைப் பார்க்க வேண்டாம், ஓய்வு எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கதவைத் திறக்காத நேரத்தில்கூடக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால், கதவு ரப்பர் போயிருக்கிறது அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. புதுவகை இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது நிற்காமல் மெதுவாக ஓடுவதற்காகவே செய்தது.

ஒரே ஒரு கோட்டை வைத்து ஒரு வீட்டின் வாழ்க்கையையே படித்துவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் 1980களில் இதைத்தான் செய்து காட்டினார். வீட்டுக்கு வெளியே, மெயின் லைனில் மட்டும் அளந்து, கோடு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்தே உள்ளே எந்தப் பொருள் எப்போது ஓடியது என்று பிரித்தார். 1992இல் வந்த அவரது கட்டுரை இந்தத் துறைக்கு அடிப்படை. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, இது வேவு பார்க்கவும் உதவும் என்று அவரே எச்சரித்து எழுதியும் இருந்தார். மிக்ஸி எத்தனை மணிக்கு ஓடியது என்று தெரிந்தால் வீட்டில் எப்போது ஆள் இருந்தது என்று தெரியும். நம் வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வரும் நேரத்தில் இதை நினைவில் வைப்பது நல்லது. அரை மணிச் சராசரியில் மிக்ஸி தெரியாது. ஊருக்குப் போயிருக்கிறீர்களா என்பது தெரியும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பேனலைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. மெயினை அணைத்துவிட்டு அவர் கையால் மாட்டச் சொல்லுங்கள். பேனலில் ஏற்கெனவே இருக்கும் 5 ஆம்ப்ஸ் வகை சி.டி.யின் வயரைக் கரண்ட் ஓடும்போது கழற்றவே கூடாது. திறந்த முனையில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் எகிறும். லாகரோடு வரும் சிறு கவ்விகளில் பொதுவாக அந்த ஆபத்தைத் தடுக்க உள்ளேயே ஏற்பாடு இருக்கும்.

இரண்டாவது, கடிகாரம். முதல் ராத்திரி ஃபைலைத் திறந்தபோது, மோட்டார் மாலை நாலரை மணிக்கே ஓடத் தொடங்கியதாக இருந்தது. அந்த நேரத்தில் தோப்பில் த்ரீ ஃபேஸே கிடையாது. நான் அந்தப் பேனல் பக்கத்தில்தான் இளநீர் குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பேய் ஓட்டியதா என்று கொஞ்ச நேரம் குழம்பிய பிறகுதான் புரிந்தது, லாகர் கிரீன்விச் நேரத்தில் இருந்தது. ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் இரவு பத்து. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கரண்ட் வந்த நேரம், போன நேரம், தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று கையால் நாலு வரி எழுதி வைத்தால் இந்த மாதிரிப் பேய்கள் உடனே பிடிபடும்.

அந்த நோட்டு மாமாவிடம் இன்னும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்த பிறகு மறுபடி ஒரு ராத்திரி லாகரை மாட்டிப் பார்த்தோம். பன்னிரண்டரையில் தொடங்கிய கோடு நாலு மணி நேரம் கழித்தும் பதினொன்றரைக்குக் கீழே வரவில்லை, நடுக்கமும் இல்லை. 700 அடிக்குள் கயிறு விட்டுப் பார்க்காமல் போரில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு இப்போது இதுதான் வழி. மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தடவை லாகரைக் கேட்டு போன் செய்கிறார். கோட்டை பிரிண்ட் போட்டு, தேதி எழுதி, அந்த நோட்டிலேயே ஒட்டி வைக்கிறார்.